டர்போ சி++ முதல் பைத்தான் 3 வரை: கருவி மாறியபோது நிரல்கள் உடைந்த வரலாறு

நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஓடவில்லை. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதைக் கட்டும் கருவி மட்டுமே புதிய பதிப்புக்கு மாறியிருக்கிறது. மென்பொருள் உலகின் மிகப் பழைய தொல்லைகளுள் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் இதைப் பெருந்திரளாகச் சந்தித்தவர்கள் பள்ளி, கல்லூரி மாணவர்கள் எனலாம். கணினிப் பாடம் டர்போ சி++ இலிருந்து புதிய கருவிகளுக்கு மாறியபோதும், பின்னர் பைத்தான் 3 வந்தபோதும், கையில் இருந்த நிரல்கள் வரிவரியாக உடைந்தன. சிலர் அவற்றைத் திருத்தினர். பலர் பழைய கருவியையே ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்து ஓட்டினர். இந்தக் கட்டுரை இவ்விரு வழிகளின் வரலாற்றையும் பார்க்கிறது. இதில் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தலைகாட்டும்: புதிய கருவி பெரும்பாலும் நிரலைக் கெடுப்பதில்லை, பழைய கருவி பொறுத்துப்போனதை அது பொறுக்க மறுக்கிறது.

மேக்கும் ஒரு டேப் விசையும்

நிரலைக் கட்டும் வேலையைத் தானியக்கமாக்கிய முதல் புகழ்பெற்ற கருவி ‘மேக்’. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை 1976இல் எழுதினார். அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன், சரியாக இருந்த ஒரு நிரலில் பிழை தேடி ஒரு காலைப் பொழுதையே வீணடித்திருந்தார். பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி நிரல்பெயர்க்க மறந்திருந்தார். இந்தப் புலம்பலிலிருந்து பிறந்ததுதான் மேக்.

மேக் கோப்பில் கட்டளை வரிகள் டேப் விசையில்தான் தொடங்க வேண்டும். இடைவெளி விசையைத் தட்டினால் செல்லாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், இன்றும் புதியவர்கள் இதில் அடிபடுகிறார்கள். இது சங்கடமான அமைப்பு என்பது ஃபெல்ட்மனுக்கு விரைவிலேயே தெரிந்தது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய கோப்புகள் உடைந்துவிடக் கூடாது என்று அவர் அதை மாற்றாமல் விட்டார். அந்தச் சிலருக்குக் காட்டிய இரக்கத்தின் விலையை அரை நூற்றாண்டாக உலகமே கொடுத்துவருகிறது. இதற்கு நேர் எதிரான முடிவை எடுத்த கருவிகளும் உண்டு. தமிழ்நாட்டு மாணவர்களைத் தொட்டவை அவைதாம்.

நீலத்திரைக் காலம்

போர்லாண்ட் நிறுவனம் டர்போ சி++ கருவியை 1990இல் வெளியிட்டது. டாஸ் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட அது, சில நெகிழ்வட்டுகளில் அடங்கிவிடும். வலுக்குறைந்த கணினியிலும் சட்டென்று ஓடும். நிரலை எழுதவும், நிரல்பெயர்க்கவும், இயக்கவும் ஒரே நீலத்திரை போதும். கன்ட்ரோல் விசையோடு எஃப்9ஐ அழுத்தினால் நிரல் ஓடும். ஆல்ட் விசையோடு எஃப்5ஐ அழுத்தினால் விடை தெரியும். ஒரு கணினிக்கு இரண்டு, மூன்று மாணவர்கள் உட்கார்ந்த ஆய்வகங்களுக்கு இதைவிடத் தோதான கருவி அப்போது இல்லை.

சிக்கல் தேதியில் இருந்தது. சி++ மொழிக்கு முதல் பன்னாட்டுத் தரம் 1998இல்தான் வந்தது. டர்போ சி++ அதற்கு எட்டு ஆண்டுகள் மூத்தது. அது அறிந்திருந்த சி++, தரம் எழுதப்படுவதற்கு முந்தைய சி++. ஆயினும் தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிக் கணினி அறிவியல் பாடநூல் 2000களின் நடுவிலும் அந்தப் பழைய வழக்கிலேயே எழுதப்பட்டது. ஸ்டார் ஆபீஸ் ஒரு தொகுதி, சி++ இன்னொரு தொகுதி. அந்தச் சி++ நிரல்கள் ‘ஐஓஸ்ட்ரீம்.எச்’ என்ற தலைப்புக் கோப்பில் தொடங்கும். ‘வாய்ட் மெயின்’ என்று முதன்மைச் செயற்கூற்றை அறிவிக்கும். கிளியர்ஸ்கிரீன் கொண்டு திரையைத் துடைக்கும். ‘கெட்ச்’ என்று ஒரு விசைக்காகக் காத்திருந்து முடியும். செய்முறைத் தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்த மாணவர் எத்தனையோ பேர். அந்தக் கெட்ச் எதற்கு என்று கேட்டால் ‘நிரல் முடிய’ என்று சொல்வார்கள். உண்மையில் நிரல் முடிந்ததும் விடைத்திரை மறைந்துவிடும் என்பதால், அதைத் தடுத்து நிறுத்தவே அந்த வரி. மொழிக்கும் அதற்கும் தொடர்பில்லை. டர்போவின் திரைக்கும் அதற்கும்தான் தொடர்பு.

2018–19 கல்வியாண்டில் 11ஆம் வகுப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. அதில் சி++ பாடம் டெவ் சி++ என்ற கருவிக்கு மாறியது. அதன் உள்ளே இருப்பது ஜிசிசி என்னும் நிரல்பெயர்ப்பித் தொகுதி. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் முதன்முதலில் வெளியிட்ட அதே ஜிசிசிதான். பழைய பயிற்சி ஏட்டிலிருந்து ஒரு நிரலை எடுத்து அதில் தட்டிப் பார்த்தவர்களுக்கு முதல் வரியிலேயே பிழைச்செய்தி காத்திருந்தது.

முதல் செய்தியிலிருந்து கடைசி வரை

முதல் செய்தி, ஐஓஸ்ட்ரீம்.எச் என்று ஒரு கோப்பே இல்லை என்பது. 1998 தரம் தலைப்புக் கோப்பின் பெயரிலிருந்து ‘.எச்’ என்ற வாலை நீக்கியது. வாலை நீக்கினால் அடுத்த செய்தி வரும்: ‘சிஅவுட்’ அறிவிக்கப்படவில்லை. தரம் நூலகப் பெயர்கள் அனைத்தையும் ‘எஸ்டிடி’ என்ற பெயர்வெளிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. அந்தப் பெயர்வெளியைப் பயன்படுத்துவதாக ஒரு வரி சேர்க்க வேண்டும். அதற்கடுத்து, மெயின் செயற்கூறு ஒரு முழுஎண்ணைத் திருப்பியனுப்பியாக வேண்டும் என்ற செய்தி. நிரல் நல்லபடி முடிந்ததா என்று இயங்குதளத்துக்குச் சொல்வது அந்த எண்தான்.

இவை மூன்றும் பத்து நிமிட வேலை. இங்கே கற்கத்தக்க பழக்கம் ஒன்று உண்டு. பிழைப் பட்டியல் நாற்பது வரி நீண்டிருந்தாலும் மேலே உள்ள முதல் வரியை மட்டும் திருத்தி, மறுபடி நிரல்பெயர்க்க வேண்டும். பெயர்வெளி வரி ஒன்று விடுபட்டால் ஒவ்வொரு சிஅவுட்டுக்கும் ஒரு பிழை வரும். கீழிருந்து மேலாகத் திருத்தப் புகுந்தவர் சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவார்.

‘ஃபார்’ மடக்கில் வந்த மாற்றம் இன்னும் கொஞ்சம் நுட்பமானது. மடக்கின் தலைப்பிலேயே ‘ஐ’ என்ற மாறியை அறிவித்தால், டர்போ சி++இல் மடக்கு முடிந்த பிறகும் அந்த மாறி உயிரோடிருக்கும். தரம் அதை மடக்கோடு முடித்துவிட்டது. எனவே தேடல் நிரலில் மடக்குக்கு வெளியே வந்து ‘ஐ எந்த இடத்தில் நின்றது’ என்று கேட்ட வரிகள் எல்லாம் உடைந்தன. இதற்கு மாறியை மடக்குக்கு முன்பே அறிவித்தால் போதும். ஆனால் எதற்கு அப்படிச் செய்கிறோம் என்று ஒரு கணம் யோசித்தாக வேண்டும்.

‘கெட்ஸ்’ கதை வேறு. பெயர், முகவரி போன்ற சரங்களை வாங்கப் பாடநூல்கள் அந்தச் செயற்கூற்றையே கற்றுக்கொடுத்தன. எத்தனை எழுத்துகளுக்கு இடம் இருக்கிறது என்று கெட்ஸுக்குத் தெரியாது. இருபது எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் இருநூறு எழுத்து தட்டினாலும், பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு, இந்த ஓட்டையையும் ஒரு வழியாகக் கொண்டே கணினிகளுக்குள் புகுந்தது. அதன் பிறகும் 23 ஆண்டுகள் கெட்ஸ் மொழியில் இருந்தது. சி மொழியின் 2011 தரமும் சி++ மொழியின் 2014 தரமும்தான் அதை ஒருவழியாக நீக்கின. இந்தப் பிழைச்செய்தியைக் கண்டு ‘புதிய கருவி சரியில்லை’ என்று சலித்துக்கொண்டவர்கள், பாதுகாப்புக்காக வைத்த பூட்டையே குறை சொன்னார்கள்.

இவை எல்லாம் பிழைச்செய்தி தரும் சிக்கல்கள், அதனால் எளியவை. பிழையே காட்டாமல் விடை மட்டும் மாறுவதுதான் கடினம். டர்போ சி++இல் முழுஎண் என்பது 2 பைட். 32,767க்கு மேல் போகாது. தொடர்பெருக்க நிரலுக்கு 7 கொடுத்தால் 5,040 என்று சரியான விடை வரும். 8 கொடுத்தால் 40,320 வரவேண்டிய இடத்தில் −25,216 வரும். ஜிசிசியில் முழுஎண் 4 பைட் என்பதால் 12 வரை விடை சரி. 13 கொடுத்தால் 622 கோடியைத் தாண்ட வேண்டிய விடை 193 கோடியே சொச்சம் என்று வரும். எதிர்மக் குறி இல்லாததால் பார்ப்பவருக்கு ஐயமே எழாது. கருவியை மாற்றியதும் ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றிய நிரலில் பிழை அப்படியே இருந்தது. தெரியாத தூரத்துக்கு அது தள்ளிப்போயிருந்தது, அவ்வளவே.

ஜிசிசி 4.3

பள்ளிக்கூடங்களுக்கு 2018இல் வந்த இந்த அதிர்ச்சி, லினக்ஸ் உலகத்துக்குப் பத்தாண்டு முன்பே வந்துவிட்டது. ஐஓஸ்ட்ரீம்.எச் கோப்பை ஜிசிசி உடனே தூக்கி எறியவில்லை. ‘இது வழக்கொழிந்த தலைப்புக் கோப்பு’ என்ற எச்சரிக்கையோடு பல ஆண்டுகள் வைத்திருந்தது. எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை என்பது நிரலாளர் எல்லாருக்கும் தெரியும். 2008 மார்ச்சில் வந்த 4.3 பதிப்பு அதை நீக்கியது.

அதே பதிப்பு இன்னொன்றும் செய்தது. முன்பெல்லாம் ஒரு தலைப்புக் கோப்பைச் சேர்த்தால், அது உள்ளுக்குள் வேறு பல கோப்புகளையும் இழுத்துவரும். சரங்களுக்கான கோப்பைச் சேர்க்க மறந்தவர்களின் நிரலும் அந்தத் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. 4.3 அந்த உள் இணைப்புகளைச் சுத்தம் செய்தது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான பொதிகளைப் பராமரித்துவந்த டெபியன் தன்னார்வலர்கள் புதிய நிரல்பெயர்ப்பியால் அவற்றை மறுபடி கட்டிப் பார்த்து, உடைந்த ஒவ்வொன்றுக்கும் பிழையறிக்கை எழுதினர். திருத்தம் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரி எங்கே என்று ஒருவர் பார்த்தாக வேண்டும். சென்னை சி-டாக் மையம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியனை அடித்தளமாகக் கொண்டது. எங்கோ முகந்தெரியாத ஒருவர் எழுதிய அந்த ஒரு வரித் திருத்தங்களின் பலன் அந்த வழியாக இங்கும் வந்து சேர்ந்தது.

டாஸ்பாக்ஸும் துறைமுகமும்

திருத்தாமல் தப்பிக்கவும் ஒரு வழி இருந்தது. 2009இல் விண்டோஸ் 7 வந்தபின் 64 பிட் கணினிகள் ஆய்வகங்களுக்கு வரத் தொடங்கின. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது. டர்போ சி++ ஒரு 16 பிட் நிரல். இயற்கையாக அதன் காலம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பழைய டாஸ் விளையாட்டுகளை ஓட்டுவதற்காக எழுதப்பட்ட டாஸ்பாக்ஸ் என்ற போன்மி கைகொடுத்தது. டாஸ்பாக்ஸையும் டர்போ சி++ஐயும் ஒன்றாகக் கட்டிய ஆயத்தப் பொதிகள் இந்தியாவெங்கும் பென்டிரைவ்களில் சுற்றின. புதிய கணினியின் நடுவில் 1990ஆம் ஆண்டு நீலத்திரையோடு உட்கார்ந்திருந்தது.

பழைய சூழலை அப்படியே ஒரு பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுபோவது என்ற இந்த எண்ணம், தொழில்முறை மென்பொருள் உலகில் 2013இல் பெரிய அளவில் வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அறிமுகமான கருவியின் பெயர் டாக்கர். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் துறைமுகத் தொழிலாளி என்று பொருள். நிரல், அதற்கு வேண்டிய நூலகங்கள், சரியான பதிப்புக் கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்த பொட்டலத்தை அது ‘கண்டெய்னர்’ என்று அழைத்தது.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வளர்ந்தவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து 58 பெட்டகங்களோடு ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் கிளம்பியது. நவீனப் பெட்டகப் போக்குவரத்தின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். இந்தியாவில் இதற்கெனத் தனி முனையம் முதலில் அமைந்தது சென்னைத் துறைமுகத்தில், 1983இல். அதுவரை மூட்டை, பேல், பீப்பாய் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகத் தூக்கி இறக்கினார்கள். பெட்டகம் வந்தபின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாரந்தூக்கிக்குத் தெரிய வேண்டாம். எல்லாப் பெட்டகத்துக்கும் வெளியளவும் மூலைக் கொக்கியும் ஒன்றுபோல் இருந்தால் போதும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வடசென்னைச் சாலைகளில் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்கள், உள்ளிருக்கும் சரக்கைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை.

மென்பொருள் பெட்டகத்தின் பலமும் குறையும் அதுவே. பதிப்பு மாறாததால் கட்டுமானம் உடையாது. கட்டுமானம் உடையாததால் உள்ளே இருக்கும் கெட்ஸும் அப்படியே இருக்கும், 2 பைட் முழுஎண்ணும் அப்படியே இருக்கும். அவசரத்துக்குப் பெட்டகம் நல்லது. நாளை ஓட வேண்டிய ஊதியப் பட்டியல் நிரலை இன்றிரவு யாரும் திருத்தி எழுத மாட்டார்கள். ஆனால் அதையே முப்பது ஆண்டு நீட்டித்தால் ஆய்வகத்தில் நடந்ததுதான் நடக்கும். சி++ பாடத்தில் முழு மதிப்பெண் பெற்று வேலைக்குச் சென்றவர்கள் அங்கே முதல் வரியிலேயே தடுமாறினார்கள்.

பைத்தான் 3: ‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து?

சில நிரல்களைப் பெட்டகத்தில் வைக்க இயலாது. பிறர் எழுதும் நிரல்களுக்குள் சென்று வேலை செய்யும் நூலகங்கள் அத்தகையவை. தமிழ் உரையைக் கையாளும் பைத்தான் நூலகங்கள் அவற்றுள் சேரும்.

பைத்தான் 3.0 வெளியானது 2008 டிசம்பர் 3 அன்று. அது பைத்தான் 2உடன் ஒத்துப்போகாது என்பதை உருவாக்கியவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். ‘பிரின்ட்’ செயற்கூறாக மாறியதைத்தான் எல்லாரும் பேசினர். அதைத் தானாகவே மாற்றித் தரும் கருவிகள் வந்துவிட்டன. உண்மையான மாற்றம் உரையில் இருந்தது. பைத்தான் 2இல் மேற்கோள் குறிக்குள் எழுதும் சரம் என்பது பைட்டுகளின் வரிசை. பைத்தான் 3இல் அது ஒருங்குறி உரை. பைட் என்பது தனி இனம்.

பைத்தான் 2 இவ்விரண்டையும் கலக்க விட்டது. கலக்கும்போது, பைட்டுகள் எல்லாம் 127க்கு உட்பட்ட ஆங்கில எழுத்துகள் என்று அதுவாக எண்ணிக்கொள்ளும். ஆங்கிலத்தில் சோதித்தவருக்குப் பிழையே வராது. தமிழ் எழுத்து எதுவானாலும் யுடிஎஃப்-8 முறையில் முதல் பைட் 224. எனவே தமிழில் தட்டிய முதல் சொல்லிலேயே நிரல் நின்றுவிடும். ‘224ஐப் படிக்க முடியவில்லை’ என்ற பொருளில் வரும் அந்தப் பிழைச்செய்தி, அக்காலத்தில் தமிழ் நிரலாளர் ஒவ்வொருவரும் பார்த்துச் சலித்தது. நிரலின் தலையில் இரண்டு வரி சேர்த்து இயல்பான குறியாக்கத்தையே மாற்றிவிடும் குறுக்குவழி ஒன்றும் புழங்கியது. பைத்தான் 3 அந்தக் குறுக்குவழியை மூடிவிட்டது.

முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் மொழி. அதைப் பற்றிய அவருடைய ஆய்வுரை 2009இல் வெளிவந்தது. மொழியின் இயக்கி பைத்தானில் எழுதப்பட்டது. அவரும் பிற தன்னார்வலர்களும் வளர்த்த ‘ஓப்பன் தமிழ்’ நூலகமும் பைத்தானில்தான். பயனர்கள் சிலர் பழைய பதிப்பிலும் சிலர் புதியதிலும் இருந்ததால், இந்த நூலகம் பல ஆண்டுகள் இரண்டையும் ஒருசேரச் சுமந்தது. ஒரே நிரலை இரண்டு கருவிகளுக்கும் பொதுவாக எழுதுவது எவ்வளவு தொல்லை என்பதைப் பைத்தான் குழுவும் உணர்ந்தது. ஒருங்குறிச் சரத்துக்கு முன் இடும் ‘யு’ என்ற முன்னொட்டைப் பைத்தான் 3.0 நீக்கியிருந்தது, 2012இல் வந்த 3.3 பதிப்பு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பொருளற்ற ஓர் எழுத்துதான், ஆனால் அதனால் எத்தனையோ நூலகங்கள் பிழைத்தன. பைத்தான் 2க்கு விடை கொடுக்க முதலில் 2015 என்று குறித்திருந்தனர். அதையும் 2020 ஜனவரி 1க்குத் தள்ளிவைத்தனர்.

மாறியபின் கிடைத்தது என்ன? ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 2 பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். பைத்தான் 3 குறியெண்களை எண்ணி 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை 3 என்று சொல்லும். ஓப்பன் தமிழ் நூலகத்தில் சொல்லை எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறு ஒன்று உண்டு. அதுவும் 3 என்றுதான் சொல்லும். வெறுமனே 3ஆம் பதிப்புக்கு மாறி, பிழைச்செய்தி நின்றதும் வேலை முடிந்தது என்று எழுந்தவர்களின் நிரல்கள், சொல்லைத் திருப்பிப் போடும்போதும் முதலெழுத்தை வெட்டும்போதும் உயிர்மெய்க் குறிகளைத் தனியே சிதற விட்டன. ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், இரண்டு துண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அவ்விரண்டையும் வேறு வேறு என்றே பைத்தான் 3 இன்னும் சொல்லும். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தை நிரலாளர்தான் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டு 12ஆம் வகுப்புப் பாடம் 2019–20இல் பைத்தானுக்கு வந்தபோது பைத்தான் 3ஆகவே வந்தது. டர்போவுக்கு நேர்ந்த காலத் தாமதம் இம்முறை இல்லை. ஆயினும் அந்த மாணவர் ஒருவர் தமிழ்ப் பத்தியில் உள்ள சொற்களை எண்ண நினைத்தால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. சொல்லெழுத்துகளைத் தேடும் வழக்கமான தேடுகோவையைப் பைத்தானோடு வரும் நூலகத்தில் கொடுத்தால், ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டு சொல்லாக வரும். இகரக் குறியும் புள்ளியும் ஒருங்குறிப் பட்டியலில் எழுத்து என்ற வகையில் இல்லை, குறி என்ற வகையில் இருக்கின்றன. அந்த நூலகம் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் பகுதியாக ஏற்கிறது. பிழைச்செய்தி ஏதும் வராது. ‘ரீஜெக்ஸ்’ என்ற தனி நூலகத்தை நிறுவினாலோ, ஓப்பன் தமிழைக் கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரித்தாலோ ‘தமிழ்’ ஒரே சொல்லாகத் திரும்பி வரும்.